எங்கள் கண்மாய்க்குக் காலநிலை நிதி கிடைக்குமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம் நடத்துகிறோம். வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் காலநிலை நிதி வரப்போவதாகச் செய்தியில் பார்த்தோம். கண்மாயைச் சீரமைக்க நாங்களே விண்ணப்பிக்கலாமா?

பதில்: நேரடியாக முடியாது. ஆனால் வழி இருக்கிறது.

முதலில் அந்தத் தொகையைப் பற்றி. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க 2035-க்குள் ஆண்டுக்கு அவ்வளவு திரட்டுவதாக, 2024-ல் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் வளர்ந்த நாடுகள் முன்னின்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பணம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கவில்லை. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் சொன்ன இலக்கையே 2022-ல்தான் எட்டினார்கள். அதிலும் பெரும்பகுதி கடன். வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டிய பணத்தையும் மானியத்தையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். தென்கொரியாவின் சோங்டோவில் இருக்கும் பசுமைக் காலநிலை நிதியம், இந்த நிதியைத் திட்டங்களுக்குத் தரும் பன்னாட்டு அமைப்பு. அது அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாக மட்டுமே பணம் தரும். இந்தியாவில் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 2015-லேயே அந்த அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது. திட்டத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இசைவும் வேண்டும்.

உங்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒடிசா. அங்கே பழங்குடிப் பகுதிக் குளங்களில் நிலத்தடி நீரைச் செறிவூட்டவும், சூரியசக்தி பம்பு வைக்கவும் 2017-ல் சுமார் 3.4 கோடி டாலர் மானியம் ஒப்புதலானது. நபார்டு வழியாகப் போன திட்டம். செயல்படுத்துவது மாநில அரசு. தனி ஒரு குளத்துக்காக யாரும் விண்ணப்பிக்கவில்லை, ஆயிரக்கணக்கான குளங்கள் ஒரே திட்டத்துக்குள் வந்தன. உங்கள் கண்மாயும் அப்படி ஒரு தொகுப்புக்குள் போக வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'கண்மாய் தூர்ந்துவிட்டது, தூர்வாரப் பணம் வேண்டும்' என்று எழுதினால் அது வழக்கமான பராமரிப்பு, காலநிலை நிதியில் சேராது. மழை எப்படி மாறியது, அதனால் கண்மாய்க்கு என்ன ஆனது என்று காட்ட வேண்டும். உங்கள் பகுதி மழைமானியின் முப்பது வருடக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். மழை நாட்கள் குறைந்து, ஒரே நாளில் கொட்டுவது கூடியிருந்தால் அதுதான் உங்கள் ஆதாரம். அப்புறம், கலுங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) தாங்காமல் எந்தெந்த வருடம் கரை உடைந்தது, கடைசித் தண்ணீர் கிடைக்காமல் எத்தனை ஏக்கர் கருகியது என்று சங்கத்தின் நோட்டில் இருப்பதைத் தொகுத்து, இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். மேலும் கீழும் உள்ள கண்மாய்களின் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டால் வலு கூடும்.

அதை எடுத்துக்கொண்டு நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளரையும், நீர்வளத்துறைப் பொறியாளரையும் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன், வரும் பணம் மானியமா கடனா, பராமரிப்புச் செலவு யார் தலையில் என்பதை எழுத்தில் கேளுங்கள். 'வெளிநாட்டு நிதி வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்' என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.