ஜேம்ஸ் பாண்ட் சொல்வதைக் கேட்கலாமா?

கேள்வி: மணநாள் பரிசாக ஒரு டாம் பெரினியான் ஷாம்பெயின் வந்திருக்கிறது. 'கோல்டுஃபிங்கர்' படத்தில் பாண்ட், 1953-ஆம் வருடத்து டாம் பெரினியானை 38 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் குடிக்கவே கூடாது என்கிறார். நானும் அப்படித்தான் குளிரவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த 38 டிகிரி, செல்சியஸில் சுமார் 3. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குளிர்தான். அதில் நாக்கு மரத்துப்போகும். குமிழியும் புளிப்பும் தெரியும், மணம் எழும்பாது. படம் வந்தது 1964-ல், அதாவது பாண்ட் பேசுவது பத்து வருடம் கடந்த ஒயினைப் பற்றி. இவ்வளவு முதிர்ந்ததை உறையக் குளிரவைத்தால் கொடுத்த காசு வீண். ஆள் ஸ்டைலாகப் பேசுவார், அவ்வளவுதான். 'மூன்ரேக்கர்' (1979) படம் தொடங்கி அவரே பொலிஞ்சர் என்ற வேறு ஷாம்பெயினுக்கு மாறிவிட்டார்!

டாம் பெரினியானுக்கு 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் பொருத்தம். ஆனால் நம் ஊர் வெக்கையில் கிளாஸில் ஊற்றியதுமே சூடேறத் தொடங்கும் என்பதால் 8 டிகிரியில் திறங்கள். பாட்டிலை மூன்று நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் விட்டு அரை மணி நேரம். வெறும் ஐஸில் இவ்வளவு சீக்கிரம் குளிராது. ஃப்ரீஸர் பக்கமே போகாதீர்கள், வெடித்தால் போச்சு.

குளிராத பாட்டிலைத் திறப்பதும் ஆபத்து. உள்ளே சுமார் 6 பார் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 1966 லெ மான் கார் பந்தய மேடையில் பந்தய வீரர் ஜோ சிஃபெர்ட்டின் பாட்டில் வெயிலில் சூடாகித் தானாகவே பீய்ச்சியடித்தது. மறுவருடம் அதே பந்தயத்தில் வென்ற டான் கர்னி வேண்டுமென்றே குலுக்கி எல்லோர் மேலும் தெளித்தார். பந்தய மேடைகளில் இன்றும் அதே கூத்துதான்.

வீட்டில் அது வேண்டாம். கார்க்கின் மேல் கட்டைவிரலை எடுக்காமல் கம்பியைத் தளர்த்துங்கள். பாட்டிலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல், கார்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். 'டப்' கூடாது, மெல்ல 'உஸ்' என்றால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

ஒடுங்கிய நீள கிளாஸைவிட வெள்ளை ஒயின் கிளாஸில் மணம் நன்றாக விரியும். மிச்சமிருந்தால்? பாட்டில் வாயில் வெள்ளி ஸ்பூன் தொங்கவிட்டால் குமிழி போகாது என்பதெல்லாம் கதை. ஷாம்பெயினுக்கென்றே விற்கும் மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் வரை தாங்கும்.