உளவியலும் சமூகவியலும் படிக்க வருவோருக்கு: கேள்வி பதில்

இளங்கலையில் இவ்விரு பாடங்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்களும், இனிமேல் படிக்க எண்ணுபவர்களும் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, இத்துறைகளை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: இரண்டு பாடங்களும் மனிதரைப் பற்றியவைதாமே, எதற்காகத் தனித்தனித் துறைகள்?

பதில்: தேர்வில் தோல்வியுற்ற மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய நினைவாற்றல், பதற்றம், ஊக்கம் ஆகியவற்றை உளவியல் ஆராயும். அவரைப் போன்ற குடும்பச் சூழலிலிருந்து வருபவர்கள் ஆண்டுதோறும் எந்த அளவில் தோற்கிறார்கள், அந்த அளவு ஏன் பெரிதாக மாறுவதில்லை என்று சமூகவியல் கேட்கும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. முற்றிலும் தனிமனிதத் துயரமாகத் தோன்றும் தற்கொலையின் வீதம், ஒவ்வொரு சமூகத்திலும் ஆண்டுக்காண்டு ஏறத்தாழ நிலையாக இருப்பதையும், மணமானவர்களிடம் ஒரு விதமாகவும் மணமாகாதவர்களிடம் வேறு விதமாகவும் இருப்பதையும் அவர் புள்ளிவிவரங்களைக் கொண்டு காட்டினார். ஆனால் அந்த வீதத்தை வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட மனிதரின் மனத்தை விளக்கிவிட முடியாது. அந்த இடத்தில்தான் இரு பாடங்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு வேலை இருக்கிறது.

கேள்வி: கணக்குக்குப் பயந்துதான் இந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தேன். புள்ளியியல் தாள் இருக்கிறது என்கிறார்களே, அதை எப்படியாவது தவிர்க்க முடியுமா?

பதில்: முடியாது, முடிந்தாலும் தவிர்க்கக் கூடாது. இப்பட்டப் படிப்பில் வேறு எந்தத் தாளை மறந்தாலும் ஆய்வு முறையியலையும் புள்ளியியலையும் மறக்காதீர்கள் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். சராசரி, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பது), ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் விதம்), சில எளிய சோதனைகள் என்ற அளவில்தான் இளங்கலைப் பாடம் இருக்கும்; பள்ளிக் கணக்கு அதற்குப் போதும், கூட்டிப் பெருக்கும் வேலையைக் கணினி செய்துவிடும். கணினி செய்யாதது சிந்தனையை மட்டுமே. நிறையக் குறிப்பெடுக்கும் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னால், குறிப்பெடுத்ததால் மதிப்பெண் வந்ததா, பாடத்தில் ஆர்வமுள்ளவர்கள் இரண்டையும் செய்கிறார்களா என்று கேட்கத் தெரிய வேண்டும். முடிவு 0.05 என்ற எல்லைக்குள் வந்துவிட்டதாலேயே, அதாவது தற்செயல் மட்டுமே காரணமென்றால் இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதாலேயே, கருதுகோள் 95 விழுக்காடு உண்மையாகிவிடாது என்பதும் விளங்க வேண்டும். பிந்தையதில் தேர்ந்த ஆய்வாளர்களே தடுமாறுவதுண்டு என்பதால், முதல் பருவத்தில் புரியவில்லையே என்று நீங்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

கேள்வி: இளங்கலை உளவியல் முடித்தவுடன் மற்றவர்களுக்கு மனநல ஆலோசனை தரலாமா?

பதில்: கூடாது. அதற்கு மேற்படிப்பும், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் பெறும் பயிற்சியும், பல நாடுகளில் உரிமமும் தேவை. விடுதித் தோழருக்கு நோயின் பெயர் சூட்டுவதும் கூடாது. முதலாண்டு மாணவர்களிடம் இந்தப் பழக்கம் தவறாமல் வந்துவிடுகிறது.

கேள்வி: பாடநூலில் உள்ள புகழ்பெற்ற சோதனைகள் பல பொய்த்துவிட்டன என்று படித்தேன். பிறகு எதற்காக அவற்றைப் படிக்க வேண்டும்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. முன்பு வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன; மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் பொருள்படும் முடிவை (மேலே சொன்ன 0.05 எல்லைக்குள் வரும் முடிவை) தந்திருக்க, மறு ஆய்வுகளில் 36 விழுக்காடே அவ்வாறு தந்தன. ஆயினும் எல்லாமே சரிந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. கற்றது நாளடைவில் எவ்வளவு மறக்கிறது என்பதைக் காட்ட, உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் தம்மையே சோதித்து வரைந்த மறதி வளைகோடும், நிறப்பெயரை வேறு நிற மையில் எழுதினால் அந்த மையின் நிறத்தைச் சொல்லத் தாமதமாகும் என்று ஸ்ட்ரூப் 1935இல் காட்டியதும் இன்றும் உறுதியாக நிற்கின்றன.

உளவியலாளர் மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனை, பொய்த்தவற்றுக்கும் உறுதியாக நிற்பவற்றுக்கும் இடைப்பட்டது. 40 பேரில் 26 பேர், ஆய்வாளரின் கட்டளைப்படி அடுத்த அறையிலுள்ளவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பியபடியே, 450 வோல்ட் வரை சென்றார்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். கட்டளையிடுபவர் அறையை விட்டு விலகித் தொலைபேசியில் பேசியபோது கீழ்ப்படிந்தவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்பதைச் சிலரே சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சோதனையில் சமூகவியல் மாணவருக்கு உரிய பகுதி அதுதான். ஆகவே எந்தச் சோதனையைப் படித்தாலும், யாரிடம், எத்தனை பேரிடம், எந்தச் சூழலில் செய்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்ட ஆய்வுக்கு வினாநிரல் போதுமா, நேர்காணல் வேண்டுமா?

பதில்: எத்தனை பேர் என்று அறிய வினாநிரல், ஏன், எப்படி என்று அறிய நேர்காணல். எதுவாயினும் பங்கேற்பவரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். வினாநிரலில் நான் அதிகமாகத் திருத்திய பிழை, ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகளை வைப்பது. ‘ஆசிரியரின் விளக்கமும் வகுப்பறை வசதியும் நிறைவளிக்கின்றனவா?’ என்று கேட்டால், விளக்கம் மட்டும் பிடித்தவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? நூறு பேரிடம் கொடுப்பதற்கு முன் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

கேள்வி: சமூகவியல் முன்னோடிகளான வெபர், துர்கைம் என்று எத்தனை முறை வாசித்தாலும் தேர்வறையில் நினைவுக்கு வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் பாடத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி ஆகிய உளவியலாளர் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வெபரை ஒரு முறை கவனமாக வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அவர் என்ன சொன்னார் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் திரும்பப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து அதே அரைப் பக்கத்தைப் புத்தகம் பாராமல் மீண்டும் எழுதுங்கள்.