நிலம் இருந்தவர்கள் வீட்டில் பசி இருந்ததா?

"சொந்தமாகத் தோட்டம், காடு வைத்திருந்தவர்கள் பஞ்ச காலத்திலும் சாப்பிட்டுத்தானே இருப்பார்கள்? பிறகு ஏன் பட்டினிக் கதை சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நகரத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். வீட்டில் யாரோ பெரியவர் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி உங்களைச் சலிக்கவைத்திருக்கலாம். அது தப்பில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

நான் காங்கேயம் பக்கம். 1982-ல் மழை பொய்த்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஒரு கிணற்றுத் தோட்டமும், கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடும் எங்களுக்கு இருந்தன. மழையை நம்பிய மானாவாரி நிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். ஊரில் 'பண்ணயக்காரர் வீடு' என்பார்கள். கிணற்றில் ஆள் இறக்கி, பாறையை வெடிவைத்துத் தகர்த்து ஆழப்படுத்தினோம். மேலே குவிந்த கப்பிதான், உடைந்த கல்தான் மிச்சம். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு காற்றை இழுக்கும். அதற்கு வாங்கிய கடன் தனி.

காட்டில் கொழுக்கட்டைப் புல் கருகியது. மாட்டுத் தீவனத்துக்கு அடுக்கிவைத்த காய்ந்த சோளத்தண்டு, அந்தச் சோளத்தட்டுப் போரும் தீர்ந்தது. அப்பாரு, அதாவது தாத்தா, கட்டுத்தறியின் (மாட்டுக்கொட்டகையின்) கூரையில் வேய்ந்திருந்த பழைய தட்டை உருவி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார். ஈக்கு மூட்டம் போட்டுப் போட்டுப் புகையில் கறுத்த தட்டு அது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆத்தா உப்புத் தண்ணீர் தெளித்து வைப்பாள். அதன் பிறகு வேண்டாவெறுப்பாகக் கடிக்கும். நாங்கள் வெள்வேலங்காய் பொறுக்கிவந்து போடுவோம். அதற்கும் பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டை.

வீட்டில் தானியமே இல்லை என்று சொல்லமாட்டேன். விதைச்சோளம் சாம்பல் கலந்து, வாய் பூசிய பானையில் இருந்தது. அதைத் தின்றுவிட்டால் மழை வரும்போது எதை விதைப்பது? தானியம் இருந்த வீட்டில்தான் நாங்கள் நீர்த்த கம்பங்கூழைக் குடித்தோம். உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்.

அந்த வருடம் ஜூலையில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். பள்ளியில் மதியம் சுடச்சுடச் சோறு. "பண்ணயக்காரர் வீட்டுப் பிள்ளை தட்டேந்தி நிற்பதா?" என்று அப்பாரு தடுத்துவிட்டார். மற்றவர்கள் வரிசையில் உட்காரும்போது நான் மட்டும் வீட்டுக்குக் கிளம்புவேன். கடைசியில் ஆத்தாதான் என் பைக்குள் ஓர் அலுமினியத் தட்டை வைத்தாள். "நீ போய்ச் சாப்பிடு சாமி, அப்பாருவிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றாள். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தினமும் வாசலில் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டு அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

"உங்கள் தோட்டத்தில் கூலிக்கு வந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்களுக்கு விற்க மாடு இருந்தது, அடமானம் வைக்க நிலம் இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. யார் அதிகம் பட்டினி கிடந்தார்கள் என்று போட்டி போட நான் வரவில்லை.

    

இன்னொன்று. மழை வந்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று கதைகளில் முடிப்பார்கள். எங்களுக்கு மழை வந்த பிறகுதான் நெருக்கடி. சந்தையில் எல்லோரும் விற்கவே வந்திருந்த நேரத்தில், உழவு மாடுகளை அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருந்தோம். காடு ஈரமாக இருக்கிறது, விதை இருக்கிறது, ஏர் பூட்ட மாடு இல்லை. ஊரில் மாடு மிச்சம் இருந்தவர்கள் முதலில் தங்கள் காட்டை உழுது முடித்துவிட்டுத்தான் கூலிக்கு வந்தார்கள். அதற்குள் பாதிக் காட்டில் ஈரம் போய்விட்டது. அந்த வெள்ளாமையும் அரைகுறைதான். கிணற்றுக் கடனும் மாடு வாங்கிய கடனும் அடைவதற்குள், அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்று, அவளுக்குக் கல்யாணமும் முடிந்துவிட்டது.