பாண்டிக்குப் போய் மறைவாகப் பார்த்துவிட்டு வரலாமா?

கேள்வி: கடலூரிலேயே மனநல மருத்துவர் இருக்கிறார். சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். பாண்டிக்குப் போகலாமா? (வாசகி, மஞ்சக்குப்பம்)

தாராளமாக. இருபது கிலோமீட்டர் சொச்சம்தானே. கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் உங்களைப் போலவே யோசித்துத்தான் பலரும் பாண்டிக்கு பஸ் ஏறுகிறார்கள். வரிசையில் பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருமே “கண் காட்ட வந்தேன்” என்று சொல்லிக்கொள்வதும் நடக்கும்! எங்கே பார்த்தாலும் சரி, தவறாமல் மறுபடி மறுபடி போக முடிகிற இடமாகப் பாருங்கள்.

கேள்வி: கணவர் தினமும் குடிக்கிறார். மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார் என்று தெரிந்தவர் ஒரு மாத்திரை தந்தார். கொடுக்கலாமா? (வாசகி, அரியாங்குப்பம்)

வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் டைசல்ஃபிரமாக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். உயிருக்கே ஆபத்து ஆகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும்.

என்னிடம் அப்படி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். கல்யாண வீட்டில் இரண்டு ரவுண்டு போட்டவருக்குச் சட்டை நனைய வியர்வை. மாரடைப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். மனைவி மட்டும் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். “என்ன கொடுத்தீங்கம்மா?” என்று நான்காவது முறை கேட்டபோதுதான் முந்தானை முடிச்சிலிருந்து அட்டையை எடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாத்திரையைக் கொடுத்து அனுப்பியவர்மேல்தான் வந்தது. குடிப்பவருக்கே தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது.

இன்னொன்று. தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கைநடுக்கத்தில் தொடங்கி, முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம். அப்புறம் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் வரும். முதலில் நீங்கள் மட்டும் தனியாக மருத்துவரைப் பாருங்கள். கணவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, பலனே இல்லை. பழகிவிடும் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். (வாசகி, நெய்வேலி)

பத்து நாள் போதாது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில்தான் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். குமட்டல், தலைவலி மட்டும் முதல் வாரமே வந்துவிடும், அதுதான் கொடுமை. மனச்சோர்வு மாத்திரைக்கு யாரும் அடிமையாவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். அதனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வோம். மாமியார் சொல்வது தூக்க மாத்திரைக்குப் பொருந்தும். சில வகைகள் நிஜமாகவே பழகிவிடும். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை செய்தீர்களா? இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். சோர்வுக்கு அவையும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மனநோய்க்கு இன்சூரன்ஸ் உண்டா?

உண்டு. உடல் நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. பாலிசியில் உள்ள நிபந்தனைகளை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்ததிலிருந்து, மழைச் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். விடியும்வரை வாசலையே பார்க்கிறார். (வாசகர், கடலூர்)

சுனாமி, தானே புயல், ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த ஊர். உங்கள் அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. “ஒன்றும் ஆகாது, படும்மா” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆகியிருக்கிறதே! ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை, டார்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, உயரமான ஆணியில் மாட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் கிளம்ப வேண்டும், யார் வீட்டுக்கு என்பதை அவரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். பகலிலும் நடுக்கம், கெட்ட கனவு, சாப்பாடு இறங்காதது என்று ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. நடுராத்திரி என்றாலும் 14416-க்குக் கூப்பிடலாம், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவையே பேச விடுங்கள்.