யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘எஸ்’, ‘ஆர்’ என்றால் என்ன?

கேள்வி: அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. கல்ச்சர் ரிப்போர்ட் வரவே மூன்று நாள் ஆனது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே ‘எஸ்’, ‘ஆர்’ என்று இருக்கிறது. அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பதில்: முதல் நாள் கிருமியை வளர்க்கவே போய்விடும். பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாதான். அதில் கொஞ்சம் எடுத்து சலைனில் கலக்கி, லேசாகக் கலங்கிய அந்த நீரைப் பஞ்சுக்குச்சியால் அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தட்டு முழுக்கத் தடவி, மருந்து தோய்த்த 6 மி.மீ. காகித வில்லைகளை மேலே வைத்து, 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவிடுவார்கள். மறுநாள் தட்டெங்கும் வெண்படலம் படர்ந்திருக்கும், கிருமியை அடக்குகிற மருந்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். 1966-இல் பாவர், கிர்பி குழுவினர் வெளியிட்ட முறை இது. வட்டத்தை ஸ்கேலால் அளந்துதான் எஸ் (மருந்து கேட்கும்), ஆர் (கேட்காது) என்று போடுகிறார்கள்.

பெரிய வட்டம்தான் நல்ல மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வகங்களுக்கு அளவு வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ-யின் அளவுப்படி ஈ.கோலைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 26 மி.மீ. காட்டினால்தான் எஸ், நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17 போதும், ஏனென்றால் வில்லையில் உள்ள மருந்தின் அளவும் அது அகாரில் பரவும் விதமும் வேறு வேறு.

அப்புறம், அடுத்த முறை கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டே முதல் மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். மாத்திரை முந்திக்கொண்டால் தட்டில் கிருமியே முளைக்காமல் போகலாம்.