வெட்டும் காயைப் பாருங்கள்

கடிதம்:

வணக்கம். செஸ் புதிர்கள் நிறையப் போடுகிறேன். ராணியைப் பலி கொடுத்து மேட் (ராஜா தப்பிக்கவே முடியாத செக்) என்றால் சட்டென்று பிடித்துவிடுவேன். ஆனால் போன வாரம் ஆட்டத்தில் அதே மாதிரி நிலை வந்தபோது கண்ணிலேயே படவில்லை. முடிந்தபிறகு கம்ப்யூட்டர் காட்டித்தான் தெரிந்தது. எனக்குத் துணிச்சல் போதவில்லையா, இல்லை அந்தக் கண் பிறவியிலேயே வர வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

துணிச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதிர் என்றாலே 'இங்கே ஒன்று இருக்கிறது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. 'ராணி போய்விடுமே' என்று தோன்றியதுமே மனம் அந்த நகர்வை ஓரங்கட்டிவிடுகிறது. யோசித்துப் பார்த்து வேண்டாம் என்பதில்லை, யோசிக்கவே விடுவதில்லை.

நான் பழகிக்கொண்டது இதுதான்: எதைக் கொடுக்கிறேன் என்பதை விட்டுவிட்டு, அதை வெட்ட வரும் காயைப் பார்ப்பேன். அது எந்த இடத்தைக் காலி செய்கிறது? எங்கே வந்து உட்காருகிறது?

ஓர் உதாரணம். (கட்டங்களின் பெயர்: இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, வெள்ளைப் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண்.) கறுப்பு ராஜா எச்8-இல். முன்னால் ஜி7, எச்7 சிப்பாய்கள். யானை எஃப்8-இல். நம் குதிரை எச்6-இல், ராணி சி4-இல். இப்போது ராணியை ஜி8-இல் கொண்டுபோய் வைத்து செக் கொடுக்கிறோம். குதிரையின் காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் இரண்டு காரியம் நடக்கிறது: ராஜாவுக்கு மிச்சமிருந்த ஒரே கட்டத்தை அவருடைய யானையே அடைத்துக்கொள்கிறது; எஃப்7-க்கு அது கொடுத்துவந்த காவலும் போய்விடுகிறது. குதிரை எஃப்7-இல் குதித்தால் மேட். 1497-இல் ஸ்பெயின்காரர் லூசேனா எழுதிய செஸ் நூலிலேயே இந்த மேட் உண்டு. பெயரை என்னவோ 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி ஆடியது இதற்கு நேர் எதிர். எதிரே டியூக், கவுண்ட் என்று இரண்டு பிரபுக்கள் கூடிப் பேசி ஆடினார்கள். ராணியை பி8-க்கு அனுப்பி செக் வைத்தார் மார்ஃபி. டி7 குதிரை அதை வெட்டப் போனதும் டி வரிசை திறந்தது, யானை டி8-இல் இறங்கியது, மேட். அங்கே அடைத்தது, இங்கே திறந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இவை இரண்டிலும் செக் இருப்பதால் தேடுவது சுலபம். எதிராளிக்குப் பதில் நகர்வு ஒன்றுதான். 1912-இல் பிரெஸ்லாவில் (இன்றைய போலந்தின் விரோட்ஸ்வாஃப்) ரஷ்யாவின் லெவிட்ஸ்கிக்கு எதிராக அமெரிக்காவின் ஃபிராங்க் மார்ஷல் கறுப்பில் ஆடியதில் செக்கே கிடையாது. ராணியை ஜி3-இல் வைத்தார். எச்2-இல் மேட் மிரட்டல். ராணியை மூன்று விதமாக வெட்டலாம். எச் சிப்பாய் வெட்டினால் எச் வரிசை திறந்து, எச்3-இல் நிற்கும் யானைக்கு வழி கிடைக்கும். குதிரை இ2-இல் மேட். எஃப் சிப்பாய் வெட்டினால் எஃப் வரிசை திறக்கும். குதிரை செக், அடுத்து எஃப்1-இல் யானை மேட். வெள்ளை ராணியே வெட்டினால் குதிரைச் செக்கில் அந்த ராணியும் போய், கறுப்புக்கு ஒரு காய் கூடுதலாக இருக்கும். லெவிட்ஸ்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எனக்கு இன்றைக்கும் இது பலியாகவே படவில்லை, சும்மா ராணியை நல்ல இடத்தில் வைத்த மாதிரி இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியில் மந்திரியால் (பிஷப்) எச்7 சிப்பாயை வெட்டி செக் வைத்தேன். ராஜா வெட்டினார், குதிரை ஜி5-க்குப் பாய்ந்தது. படம் மனதுக்குள் அவ்வளவு அழகாக ஓடியது! எதிராளி டி8-இலிருந்து ராணியைத் தூக்கி என் குதிரையை வெட்டினார். சி1-இல் இருந்த மந்திரி காவலுக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். என்னுடைய இன்னொரு குதிரை டி2-இல் அதன் வழியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெட்டும் காயைப் பார்த்தேன், என் காயைப் பார்க்கவில்லை.

சரி, பழகுவது எப்படி? எதிராளி ராஜாவுக்குத் தப்பிக்க எத்தனை கட்டம் என்று எண்ணிக்கொண்டே ஆடுங்கள். ஒன்றோ இரண்டோதான் என்றால், முட்டாள்தனமாகத் தெரியும் செக்குகளையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அப்புறம், பத்துப் புதிர் போட்டால் நாலைந்து சாதாரண நிலைகளையும் யாரையாவது நடுவில் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். எதில் ஒன்றுமே இல்லை என்பதையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.