ஏலச் சீட்டுக் காசோடு போக்கர் மேசையில் இருந்தால் எப்போது எழும்புவது?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன், வயது 38. இரவில் இணையத்தில் போக்கர் விளையாடுகிறேன், கால்–அரை பவுண்ட் கேஷ் மேசை. ஒவ்வொரு தடவையும் £50 உடன் உட்காருவேன். 11 மாதக் கணக்கைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். 140 இரவில் 92 இரவு வெற்றி. அப்படியிருந்தும் மொத்தத்தில் £3,300 நட்டம், எல்லாம் என் சேமிப்பு. £25, £30 வந்ததும் எழும்பிவிடுவேன். தோற்கும்போது எங்கே எழும்புவது என்றுதான் பிடிபடவில்லை. £100 என்று எல்லை வைக்கவா, £150 என்று வைக்கவா? விட்டதைப் பிடிக்கலாம் என்று, அக்கா பிடிக்கும் £10,000 சீட்டை (20 மாதம், மாதம் £500) மூன்றாம் மாதமே £2,000 கழிவில் எடுத்துவிட்டேன். எடுத்தவர் இனி முழுத் தவணை கட்ட வேண்டும். அதில் £2,000 இப்போது விளையாட்டுக் கணக்கில் இருக்கிறது, மீதி £6,000 வங்கியில். அது வீடு வாங்குகிற டெபாசிட்டுக்கு என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறார். கிரிப்டோவில் காசு போடும் தளம் ஒன்றுக்கு வரச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்கிறார். அங்கே ரேக், அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் தளம் எடுக்கிற பங்கு, குறைவாம்.

பதில்: நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கங்களை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். வென்ற 92 இரவில் சராசரி £28 வீதம் கிட்டத்தட்ட £2,580. தோற்ற 48 இரவில் £5,880, அதாவது இரவுக்கு £120க்கு மேல். இது உங்களுக்கே தெரிந்த கணக்கு. நீங்கள் கூட்டாமல் விட்டது நேரத்தை. வென்ற இரவுகளில் சராசரியாக 40 நிமிடம் இருந்திருக்கிறீர்கள், தோற்ற இரவுகளில் 4 மணித்தியாலம். மொத்தமாக அங்கே 61 மணித்தியாலம், இங்கே 192. கை நன்றாக வந்த நாட்களில் வேளைக்கே போய்ப் படுத்துவிட்டு, வராத நாட்களில் விடிய விடிய இருந்திருக்கிறீர்கள். விளையாடிய நேரத்தில் முக்கால் பங்கு, கோபமும் நித்திரையும் கண்ணில் நிற்கிற நேரம்.

ஒரு பக்கம் என் மனதை விட்டுப் போகவில்லை. 10.20க்கு £50. 11.05க்கு £50. 11.50க்கு இன்னொரு £50. அதற்குக் கீழே மேலும் இரண்டு £50 இருக்கின்றன, ஆனால் நேரம் எழுதவில்லை. எழுத்தும் கோட்டை விட்டுச் சரிந்து போயிருக்கிறது. அடுத்த வரியில் ‘5.40 வேலை’ என்று மட்டும். எழும்ப வேண்டிய இடம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது தம்பி. நேரம் எழுதுவதை எப்போது விட்டீர்களோ, அதற்கு முதல்.

எங்கள் ஊர் 304 சீட்டாட்டம் வேறு. நாலு பேர், இரண்டு சோடி. ஒருவர் எழும்பினால் ஆட்டமே குழம்பிவிடும், அதனால் மற்றவர்களின் முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று இருந்துவிடுவோம். கேஷ் மேசையில் உங்களுக்காக ஒருவரும் காத்திருப்பதில்லை. நீங்கள் எழும்பினால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பார்.

£100ஆ £150ஆ என்று கேட்டீர்கள். இந்த மேசையில் ரேக் போக 100 கைக்கு மூன்று பெரிய பிளைண்ட் (கை தொடங்க முதல் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம், உங்கள் மேசையில் 50 பென்ஸ்) மிச்சம் பிடிப்பவர் நல்ல ஆட்டக்காரர். உங்கள் மேசையில் அது £1.50. அதே 100 கையில் அதிர்ஷ்டத்தால் மட்டும் காசு மேலும் கீழும் ஆடுகிற அளவு ஏறக்குறைய 90 பிளைண்ட், £45. ஒன்றரைப் பவுண்ட் திறமைக்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து பவுண்ட் ஆட்டம்! ஆகவே £30 வென்று எழும்பியது கெட்டித்தனமும் அல்ல, £50 போனது பிழையும் அல்ல. எல்லையை எந்தத் தொகையில் போட்டாலும், களைத்த தலையோடு எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறீர்கள் என்பதுதான் வருட முடிவில் தெரியும்.

ஆனால் உண்மையில் என்னைக் கலங்க வைத்தது மேசை அல்ல, சீட்டு.

கையில் £8,000 வந்தது. அதற்கு முதல் கட்டிய தவணைகள் சுமார் £1,300 உங்கள் சொந்தக் காசு. அதைக் கழித்தால் உண்மையான கடன் £6,700. எடுத்தவர் முழுத் தவணை கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இனி 17 மாதம், மாதம் £500, மொத்தம் £8,500. கடனின் விலை £1,800. சரி, நான் மேலே சொன்ன அந்த நல்ல ஆட்டக்காரர் நீங்கள்தான் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மேசையில் மணித்தியாலத்துக்கு 140 கை, வருமானம் ஏறக்குறைய £2. £1,800க்கு 900 மணித்தியாலம். 11 மாதத்தில் 253 மணித்தியாலம் விளையாடுகிற உங்களுக்கு அது மூன்று வருடத்துக்கு மேல். சீட்டு அதற்கு எவ்வளவோ முதல் முடிந்துவிடும். இதுவரை தோற்ற £3,300 அப்படியே இருக்க, கழிவுக் காசை மட்டும் மீட்க இவ்வளவு.

பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. கடன்பட்டு விளையாடுபவருக்கு என்ன நடக்கும் என்று பார்த்துத்தான் அந்தக் கதவை மூடினார்கள். நீங்கள் சீட்டால் இன்னொரு கதவைத் திறந்திருக்கிறீர்கள். அந்தக் கதவில் நிற்பது உங்கள் அக்கா. நீங்கள் ஒரு மாதம் கட்டாவிட்டால், சீட்டில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் அவர்தான் கைக்காசு போட்டுப் பதில் சொல்ல வேண்டும். கடன் காசு மேசையில் இருக்கும்போது எழும்ப மனம் வராது. தவணை நினைவில் வரும், விட்டதைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று தோன்றும். அந்த ஐந்து £50ம் அப்படிப் போனவைதான், அப்போது சேமிப்பு. இனி கடன்.

கிரிப்டோ தளத்துக்கு வேண்டாம் என்பதே என் பதில். ரேக்கில் மிஞ்சுகிற காசு அங்கே இருக்கிற ஆபத்துக்கு ஈடாகாது. பிரிட்டன் உரிமம் இல்லாத தளம் காசைத் தராமல் பிடித்து வைத்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? இந்த மாதிரிப் புதுப்புதுத் தளங்களுக்கு நண்பரை அழைத்து வருபவருக்குக் காசு கிடைப்பதும் உண்டு. அவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்றிரவே விளையாட்டுக் கணக்கிலிருக்கும் £2,000ஐ வெளியே எடுங்கள். வங்கியில் இருப்பதோடு சேர்த்து £8,000 ஆகும். அதை மனைவியும் பார்க்கக்கூடிய தனிக் கணக்கில் போடுங்கள். அது 16 தவணைக்குச் சரி, கடைசி ஒன்றைச் சம்பளத்தில் கட்டலாம். அப்புறம் கேம்ஸ்டாப்பில் (இணையச் சூதாட்டத் தளங்களிலிருந்து உங்களை நீங்களே விலக்கி வைக்கும் சேவை) பதியுங்கள். 6 மாதம், 1 வருடம், 5 வருடம் என்று இருக்கிறது, பிரிட்டன் உரிமம் உள்ள தளங்கள் எல்லாம் அந்தக் காலம் முழுக்க உங்களை விடாது, இடையில் நீங்களே கேட்டாலும் நீக்க மாட்டார்கள். 1 வருடம் எடுத்து, முடிந்ததும் நீட்டுங்கள். சீட்டு முடியும்வரை மேசை வேண்டாம். இது முடியாது என்று பட்டால், சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கு உதவும் கேம்கேர் அமைப்போடு கதையுங்கள், இலவசம்.

சீட்டு முடிந்த பிறகும் ஆசை இருந்தால், சம்பளத்தில் மிஞ்சிய காசு மட்டும். எழும்புகிற நேரத்தை உட்கார முதலே தீர்மானியுங்கள். 90 நிமிடத்துக்கு அலாரம், அடித்ததும் அடுத்த பெரிய பிளைண்டுக்கு முதல் வெளியே, வென்றாலும் தோற்றாலும். £50 தீர்ந்தால் தானாக நிரப்பும் வசதியை அணைத்து வையுங்கள். நீங்கள் வெல்லக்கூடிய, காசை இறைத்து விளையாடுகிற ஆள் மேசையை விட்டுப் போய்விட்டால், 20 நிமிடமே ஆகியிருந்தாலும் நீங்களும் போகலாம்.

மனைவிக்கு இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான், வங்கி அல்ல. வீட்டுக் கடனுக்குப் போனால் கடைசி 3 மாத வங்கிக் கணக்கை அநேகமாகக் கேட்பார்கள், சூதாட்டத் தளத்தின் பெயர் அதில் வரிசையாக நிற்கும். கொப்பியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

அக்காவுக்கு எந்தத் தேதி கட்ட வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் புதுக் கணக்கிலிருந்து £500 தானாகவே போகும்படி ஒழுங்கு செய்யுங்கள்.